பிளஷர்

மோட்டார் காருக்கு நம் கிராமத்து ஜனங்கள் ஒரு காலத்தில் வழங்கிவந்த பெயர் பிளஷர். சரக்கு ஏற்றினால் லாரி. ஊர் ஜனங்களை ஏற்றினால் பஸ். மிராசுதாரும் அவர் குடும்பமும் மட்டும் சாய்ந்து உட்கார்ந்து புழுதி கிளப்பிக்கொண்டு போனால் அது பிளஷர். சுகத்துக்காக ஓடுகிற வண்டி என்ற அர்த்தத்தில் இங்கிலீஷ்காரன் சொன்னதை நம்மவர்கள் அப்படியே வாங்கிக்கொண்டார்கள். சொன்ன கிழவர்களில் பலருக்கு அதன் பொருள் தெரிந்திருக்காது. தெரியாமலே சரியாகச் சொன்னார்கள் என்பதுதான் விசேஷம். கார் என்ற சொல்லில் இரும்பும் சக்கரமும் இருக்கின்றன. பிளஷர் என்ற சொல்லில் உள்ளே உட்காருகிறவனின் மனசு இருக்கிறது.

அந்தச் சொல்லுக்கு முழு நியாயம் செய்த வண்டிகள் எவை என்று பார்த்தால் இரண்டு ஜாதியைச் சொல்ல வேண்டும். இரண்டும் அமெரிக்காவில் பிறந்தவை. ஒன்று ஹாட் ராட். பழைய வண்டியைப் பையன்கள் தாங்களே பிரித்துத் திருத்திப் பேய் வேகம் போக வைத்தது. மற்றொன்று மஸில் கார். புஜபலக் கார் என்று தமிழில் சொல்லலாம். அது கம்பெனிகளே செய்து விற்றது. என் வீடு இருக்கும் சாரத்தில் இந்த வண்டிகளைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடிய வாலிபர்கள் பலர் இருக்கிறார்கள். எந்த வருஷத்து மஸ்டாங், எத்தனை குதிரைச் சக்தி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஒன்றையாவது தொட்டுப் பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் வராது. சினிமாவிலும் செல்போனிலும் பார்த்தே பிடித்த பித்து.

இந்தப் பித்துக்கு ஆதாரம் என்ன, இதில் ரசிக்கத்தக்கது எது, கழிக்கத்தக்கது எது என்பதை ஒரு கதாசிரியன் என்ற முறையில் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சங்கீத விமர்சகர்கள் எல்லோரும் பாடவா செய்கிறார்கள்?

ஹாட் ராட் பிறந்த கதை கையில் காசில்லாத பிள்ளைகளின் கதை. ஹென்றி ஃபோர்டின் டி மாடல் வண்டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வெளியே வந்தது. ஒரு தேசத்தில் ஒன்றரைக் கோடி வண்டி ஓடினால், பத்துப் பதினைந்து வருஷத்தில் எத்தனையோ வண்டிகளில் கோழி அடைய ஆரம்பித்துவிடும். 1932ல் அதே ஃபோர்டு, எட்டு ஸிலிண்டர் கொண்ட வி வடிவ எஞ்சினைச் சாமானியர் வாங்கக்கூடிய வண்டியில் வைத்தார். 65 குதிரைச் சக்தி. அதுவரை எட்டு ஸிலிண்டர் என்பது பணக்காரர் சமாசாரம். சில வருஷம் கழித்து அந்த வண்டிகளும் பழசாகி, மலிந்து, தெற்குக் கலிபோர்னியாவில் மீசை அரும்பாத பையன்களின் கைக்கு வந்து சேர்ந்தன. இதன் எஞ்சினை அதன் உடம்பில் பூட்டினார்கள். முராக் என்ற வறண்ட ஏரிப் படுகையில் கொண்டுபோய் நேர் கோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். 1937ல் அங்கே சங்கம்கூட வைத்துவிட்டார்கள். பிறகு யுத்தம். விமானத்திலும் டாங்கியிலும் கை பழகிய சிப்பாய்கள் ஊர் திரும்பியதும் இந்த வெறி தேசம் முழுவதும் பரவிற்று. 1948 ஜனவரியில் ஹாட் ராட் என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை வந்தது.

அந்தப் பையன்கள் வண்டியில் கை வைத்ததும் முதலில் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நான் முக்கியமாகக் கவனிக்கிறேன். எதையும் சேர்க்கவில்லை; கழற்றினார்கள். மட்கார்டு போயிற்று, பம்பர் போயிற்று, எஞ்சினை மூடும் பானெட் போயிற்று. வேகத்துக்கு எடை சத்துரு. காற்று தடுக்கிறது என்று கூரையைத் தாங்கும் கம்பங்களை நடுவில் அறுத்து, நாலு விரற்கடை எடுத்துவிட்டு, மறுபடி பற்றவைத்தார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரு எஞ்சின், நாலு சக்கரம், ஓர் ஆள் குனிந்து உட்காரும் கூடு. கம்பெனிக்காரன் அழகு என்று நினைத்ததையெல்லாம் உரித்துப் போட்ட பிறகு வந்த அழகு அது. இருபது வருஷமாக வாக்கியங்களை அறுத்துப் பற்றவைத்துக்கொண்டிருக்கிற எனக்கு இந்த வேலை புரிகிறது.

இதிலேயே இன்னொரு கிளை உண்டு. வேகத்தைவிட உருவத்தில் கவனம் செலுத்துகிறவர்கள். ஜார்ஜ் பாரிஸ் போன்றவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் பட்டறை வைத்து, கம்பெனி வண்டியின் தகட்டை வெட்டி, ஈயத்தை உருக்கி ஊற்றி வளைவுகளை மாற்றி, மிட்டாய் நிறத்தில் பத்துப் பதினைந்து பூச்சுப் பூசி, தாய்க்கே பிள்ளை அடையாளம் தெரியாதபடி செய்து கொடுத்தார்கள். டாம் உல்ஃப் 1963ல் எஸ்குவயர் பத்திரிகையில் இவர்களைப் பற்றி எழுதிய கட்டுரை பிரசித்தமானது. கட்டுரையாக எழுத வராமல் அவர் ஆசிரியருக்குக் கடிதமாக எழுதிக் கொடுத்தார் என்றும், ஆசிரியர் மேலே இருந்த விளிப்பை மட்டும் அடித்துவிட்டு அப்படியே பிரசுரித்தார் என்றும் சொல்வார்கள். எழுத வராதவர்களுக்கு இது நல்ல ஆறுதல். இது கலை, இதைச் செய்கிறவன் கலைஞன், மியூஸியத்துக்காரர்கள் ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் சரி என்பது உல்ஃபின் கட்சி.

பாதி வழி நான் அவரோடு வரத் தயார். மீதி வழியில் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. உல்ஃப் நிறத்திலும் வளைவிலும் சொக்கிப் போய் வண்டியைச் சிற்பமாகப் பார்த்துவிட்டார். சிற்பம் நின்ற இடத்தில் நிற்கலாம். வண்டி ஓட வேண்டும். கண்காட்சிக்கு இன்னொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி, எவ்வளவு மினுமினுத்தாலும், ஊதாத நாதஸ்வரம்தான். ஹாட் ராட் என் மனசுக்கு நெருக்கமாக இருப்பதற்குக் காரணமே, அதில் அழகும் பிரயோஜனமும் பிரிந்து நிற்கவில்லை என்பது. அறுத்த கூரை பார்க்க முறைப்பாக இருக்கிறது. காற்றுக்கும் அது தேவை. இரண்டில் எது முதலில் வந்தது என்று அறுத்தவனுக்கே தெரியாது.

மஸில் காருக்கு வருவோம். 1964 மாடலாக பான்டியாக் கம்பெனி ஜி.டி.ஓ. என்ற வண்டியை விட்டது. தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ், நடுத்தர அளவு வண்டியில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் வைக்கக்கூடாது என்று விதி செய்திருந்தது. பான்டியாக்காரர்கள் 389 கன அங்குல எஞ்சினை, வண்டியின் அங்கமாகக் காட்டாமல், விரும்பினால் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் உபரிச் சாமான் என்று காட்டி விதியைத் தாண்டிவிட்டார்கள். நம் ஊர் வக்கீல் குமாஸ்தாவுக்குத் தோன்றக்கூடிய யுக்தி. பெயரும் இத்தாலியிலிருந்து, ஃபெராரியிடமிருந்து எடுத்தது. முதல் வருஷத்திலேயே முப்பத்திரண்டாயிரத்துக்கு மேல் விற்றது. பிறகு எல்லோரும் இறங்கிவிட்டார்கள். 1968ல் பிளிமத் கம்பெனி ஒரு வண்டிக்கு ரோட் ரன்னர் என்று கார்ட்டூன் பறவையின் பெயரை வைத்தது. பெயருக்காக வார்னர் கம்பெனிக்கு 50,000 டாலர் கொடுத்தார்களாம். ஹாரனும் அந்தப் பறவையின் குரலில் கத்தும். விலை 3,000 டாலருக்குள்.

மாங்காயில் ருசி எங்கே இருக்கிறது? திருடித் தின்பதில் இருக்கிறது. தோட்டக்காரன் வருகிறானா என்று ஒரு கண், பல்லுக்கடியில் புளிப்பு, டிராயர் பையில் உப்பு மிளகாய்த்தூள். தோட்டக்காரனே வாசலில் கடை போட்டு, 'திருட்டு மாங்காய், கிலோ இத்தனை ரூபாய்' என்று விற்றால் அது என்ன மாங்காய்? மஸில் கார் அந்த மாங்காய். ஹாட் ராட் பையன் கம்பெனியை மீறி எதைச் செய்தானோ, அதைக் கம்பெனியே செய்து, தவணை முறையில் அவன் தம்பிக்கு விற்றது. தம்பி கையில் எண்ணெய்க் கறை இல்லை.

ஆனாலும் மாங்காய் மாங்காய்தான் என்பதையும் சொல்ல வேண்டும். 1970ன் ஷெவல் வண்டியில் 450 குதிரை வரை வந்துவிட்டது. அந்த முகத்தில் நாஸூக்கு கிடையாது. வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் சண்டியர் முகம். அந்தச் சத்தம் வேறு. எட்டு ஸிலிண்டரும் நாலு நாலாக இரண்டு வரிசை. மொத்தத்தில் வெடிகள் ஒரே சீராக விழுந்தாலும், ஒரு வரிசையை மட்டும் தனியே கேட்டால் சீராக இராது. இரண்டு வெடி ஒட்டி வரும், பிறகு ஒரு இடைவெளி. ஒவ்வொரு வரிசைக்கும் தனிக் குழாய் வைத்தால் அந்தக் கோணல் காதில் விழுகிறது. தவில்காரர் தாளத்தை விடாமல் உள்ளே கணக்கைப் புரட்டிப் போடுவது போல. அந்த உறுமலில் மயங்குகிறவனைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

அந்த யுகம் பத்து வருஷம்கூட நீடிக்கவில்லை. 1970ன் சுத்தக் காற்றுச் சட்டம், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஏற்றிய கட்டணம், 1973ன் எண்ணெய்த் தட்டுப்பாடு. மூன்றும் சேர்ந்து முடித்துவிட்டன. செத்த பிறகுதான் பக்தர்கள் அதிகமானார்கள். நம் கவிஞர்களுக்கும் இதுதானே கதி. புல்லிட் என்ற 1968 சினிமாவில் ஸான் ஃபிரான்ஸிஸ்கோ மேடுகளில் பறந்த பச்சை மஸ்டாங் வண்டி, துருவும் நசுங்கலுமாக இருந்தபடியே, 2020 ஜனவரி ஏலத்தில் 37 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று.

சினிமாவைச் சொன்னதால், இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த படம் அது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் லூகாஸின் அமெரிக்கன் கிராஃபிட்டி, 1973ல் வந்தது. 1962ல் கலிபோர்னியாவில் மொடெஸ்டோ என்ற சின்ன ஊரில் ஒரே ராத்திரியில் நடக்கும் கதை. அதில் ஜான் மில்னர் என்றொருவன். பள்ளிக்கூடம் முடிந்து வருஷங்களாகியும் ஊரைவிட்டுப் போகாதவன். மஞ்சள் நிறத்தில், கூரை அறுத்த 1932 ஃபோர்டு வைத்திருக்கிறான். ஊரில் அவனை ஜெயித்த வண்டி கிடையாது. அந்த ராத்திரி பூராவும், தெரியாத்தனமாக வண்டியில் ஏறிவிட்ட ஒரு பள்ளிக்கூடச் சிறுமியை இறக்கிவிடவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் சுற்றுகிறான். நடுவே அவளைப் பழைய வண்டிகள் குவிந்து கிடக்கும் இடத்துக்கு அழைத்துப் போகிறான். இந்த வண்டியில் இன்னார் செத்தார், அந்த வண்டியில் இன்னார் செத்தார் என்று சொல்லிக்கொண்டே நடக்கிறான். மயானத்தில் சொந்தக்காரர் சமாதிகளைக் காட்டுவது போல இருக்கிறது. படத்தில் வேறு எந்த இடமும் எனக்கு இவ்வளவு உறைக்கவில்லை.

விடிகாலையில் வெளியூரிலிருந்து ஒருவன் கறுப்பு நிற 1955 ஷெவர்லேயில் பந்தயத்துக்கு வருகிறான். பாதியில் அந்த வண்டி தடம் புரண்டு எரிகிறது. மில்னர் ஜெயித்துவிட்டான் என்று சிநேகிதன் குதிக்கிறான். மில்னருக்குத் தெரியும், அவன் கவிழாமல் இருந்தால் நான் தோற்றிருப்பேன் என்று. சொல்கிறான். சிநேகிதன் கேட்கவில்லை, கேட்க விரும்பவில்லை. கடைசியில் திரையில் எழுத்து வருகிறது. மில்னர் 1964 டிசம்பரில் குடிகாரன் ஒருவன் ஓட்டிய வண்டி மோதிச் செத்தான். குதித்த சிநேகிதன் 1965ல் வியத்நாமில் காணாமற்போனான். மில்னர் சாகிற அதே 1964தான் ஜி.டி.ஓ.வின் முதல் மாடல் வருஷமும் மஸ்டாங் கடைக்கு வந்த வருஷமும் என்பது லூகாஸ் நினைத்துச் செய்ததோ, தானாக அமைந்ததோ! கையால் செய்தவன் செத்தான், கடையில் விற்பது பிறந்தது.

நம் இலக்கியத்தில் இந்தப் பிளஷருக்கு என்ன இடம்? என் மனசில் முதலில் வருவது ஜெயகாந்தனின் அக்கினிப் பிரவேசம். 1966ல் ஆனந்த விகடனில் வந்து, வீட்டுக்கு வீடு சண்டை மூட்டிய கதை. மழையில் பஸ் ஸ்டாண்டில் நனைந்துகொண்டு நிற்கும் ஏழைக் கல்லூரிப் பெண் முன்னால் ஒரு பெரிய கார் வந்து நிற்கிறது. அவள் கண் அந்த வண்டியில்தான் சிக்குகிறது. அதன் நீளமும் பளபளப்பும், உள்ளே உள்ள மெத்தையும் வெதுவெதுப்பும் அவளுக்கு வேறு உலகம். அந்த உலகத்துக்குள் வைத்துத்தான் அவளுக்குக் கேடு நடக்கிறது. அவன் வாயில் கொடுத்த சூயிங்கம் கடைசிவரை கதையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தக் கதையை அம்மா தண்ணீர் கொட்டும் இடத்துக்காக எல்லோரும் பேசினார்கள். நான் அதில் வண்டியைப் படிக்கிறேன். ஜெயகாந்தனுக்கு அந்தப் பையனின் யோக்கியதையை விஸ்தாரமாகச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பெரிய கார் என்றதும் விகடன் வாசகருக்கு மீதி தெரிந்துவிட்டது. அப்பன் பணம், பிள்ளை கொழுப்பு.

ஏன் அப்படித் தெரிந்தது? இங்கே பெரிய அமெரிக்க வண்டி யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். சுதந்திரம் வந்த 1947லிருந்து பம்பாயில் பிரீமியர் கம்பெனி டாட்ஜ், பிளிமத் வண்டிகளைப் பூட்டிக் கொடுத்தது. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யாதவர்களுக்கு இடமில்லை என்று சர்க்கார் முடிவு செய்தபின், 1954 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. இருந்த வண்டிகள் ஜமீன்தார், மில் முதலாளி, படமுதலாளி வீட்டுக் கொட்டகைகளில் இருந்தன. அமெரிக்காவில் பழைய வண்டி குப்பை. பத்து டாலருக்கும் இருபது டாலருக்கும் பையன்கள் கையில் விழுந்தது. இங்கே பழைய வண்டி குப்பையாகவே இல்லை. எஜமானருக்குப் பழசானால் டாக்டருக்குப் போகும், டாக்டருக்குப் பழசானால் டாக்ஸியாகும், டாக்ஸி செத்தால் அதன் கை கால் பிரிந்து வேறு நாலு டாக்ஸியில் ஓடும். பையன்களுக்கு மிஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? ஹாட் ராட் நம்மிடம் உண்டாகாததற்குப் புத்திக் குறைவோ துணிச்சல் குறைவோ காரணம் அல்ல. அறுத்துக் கெடுத்துப் பார்க்க ஒரு உபரி வண்டி கிடையாது.

ஆகையால் நம் தேசத்தில் மோட்டார் வண்டியைப் பற்றிய உயர்ந்த கதை அறுக்கிற கதையாக வரவில்லை. ஒட்டுகிற கதையாக வந்தது. வங்காளத்தில் ஸுபோத் கோஷ் எழுதிய அஜாந்திரிக் என்ற சிறுகதையை ருத்விக் கட்டக் 1958ல் படமாக எடுத்தார். பிமல் என்ற டாக்ஸிக்காரன். அவன் வண்டி 1920ம் வருஷத்து ஷெவர்லே, பெயர் ஜகத்தல். ஊர் சிரிக்கிறது. மற்ற டிரைவர்கள் புது வண்டி வாங்கிவிட்டார்கள். இவன் அதற்குத் தண்ணீர் ஊற்றினால் தாகம் தீர்ந்த மாடு போல அது மடக் மடக்கென்று குடிக்கிறது. கோபித்துக்கொள்கிறது, பெண் சவாரி ஏறினால் பொறாமைப்படுகிறது. கையிலிருக்கும் காசையெல்லாம் போட்டு அதைச் சரிப்படுத்துகிறான். எல்லாம் மாற்றிய பிறகும் அது படுத்துவிடுகிறது. பழைய இரும்புக்காரன் வந்து பிரித்து வண்டியில் அள்ளிப் போகிறான். அப்போது எங்கோ அந்த ஹாரன் சத்தம். ஒரு குழந்தை அதை வைத்து அமுக்கி விளையாடுகிறது. பிமல் முகத்தில் அழுகையோடு ஒரு சிரிப்பு.

மில்னருக்கும் பிமலுக்கும் நடுவில் சமுத்திரம் இருக்கிறது. ஒருவன் கம்பெனி செய்ததைத் தன் இஷ்டப்படி மாற்றுகிறான். மற்றவன் கம்பெனி செய்தது கையைவிட்டுப் போகாமல் காப்பாற்றுகிறான். ஆனால் இரண்டு பேருடைய நகக்கண்ணிலும் ஒரே கறை. அந்தக் கறை ஜெயகாந்தன் கதையில் வரும் பையனிடம் இல்லை. மஸில் கார் வாங்கிய தம்பியிடமும் இல்லை. மோட்டார் வண்டியின் கவர்ச்சி என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை.

சென்னையில் புதுப்பேட்டைப் பக்கம் போனவர்களுக்கு நான் சொல்வது தெரியும். காயலான் கடை என்று வாயால் சொல்கிறோம். அங்கே காலையில் நிற்கும் வண்டி சாயங்காலம் நூறு துண்டாகிக் கதவு தனி, கண்ணாடி தனி, கியர் பெட்டி தனியாகத் தொங்கும். எங்கள் சாரத்திலும், காமராஜ் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், சிறு பட்டறைகள் உண்டு. அவற்றில் ஒன்றில் நான் அடிக்கடி போய் நிற்பேன். அங்கே புல்லட் வண்டிக்குத்தான் முதல் மரியாதை. 1955லிருந்து சென்னைத் திருவொற்றியூரில் செய்த வண்டி. தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மூடிய பின்னும் இங்கே அதே வார்ப்பிரும்பு எஞ்சினோடு இந்த நூற்றாண்டு பிறந்த பிறகும் வந்துகொண்டிருந்தது. ஒற்றை ஸிலிண்டர், 70 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். நீள அடி, கனத்த சக்கரம். அதனால்தான் நிற்கும்போது ஒவ்வொரு வெடியும் தனித்தனியாக எண்ணும்படி விழுகிறது. எட்டு ஸிலிண்டர் தவில் என்றால் இது உரல் உலக்கை.

அந்தப் பட்டறைக்காரர் கிடைக்காத சாமானைப் பக்கத்து லேத்தில் கடைந்து வைத்துக்கொள்வார். ஒரு நாள் வயசான புல்லட் ஒன்றைப் பிரித்துப் போட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இவ்வளவு பாடுபடுவதற்கு வேறு எஞ்சின் வைத்துவிடக் கூடாதா?" என்று கேட்டேன்.

"வெச்சா நல்லாத்தான் சார் ஓடும். புக்குல நம்பர் வேற இருக்குமே. எவன் சார் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலையறது?" என்றார்.

பேச்சுக்குச் சொன்னதல்ல. 1988ன் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரத்திலிருந்து வண்டி மாறக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்துவிட்டது. மில்னர் இங்கே பிறந்திருந்தால் அவன் வண்டியைத் தெருவுக்கே கொண்டுவந்திருக்க முடியாது.

சட்டத்தின் பக்கம் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். 2022ல் நம் தேசத்துச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர், சர்க்கார் கணக்கு. ராத்திரி பதினொரு மணிக்குச் சைலன்சரைப் பிடுங்கிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் பட்டாசு வெடித்துக்கொண்டு போகிறவனைக் கண்டால் எனக்கே கல் எடுக்கத் தோன்றும். அவன் மில்னர் ஜாதி அல்ல. அந்தச் சைலன்சரை அவன் செய்யவில்லை, கடையில் வாங்கினான். பல ஊர்களில் போலீஸார் அவற்றைப் பிடுங்கி வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றுகிறார்கள். ஏற்றட்டும்.

ஆனால் அமெரிக்காவிலும் பையன்கள் தெருவில் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கே 1951ல் தேசிய ஹாட் ராட் சங்கம் வைத்து, பந்தயத்தைத் தெருவிலிருந்து தனித் தடத்துக்குக் கொண்டுபோகப் பாடுபட்டார்கள். நமக்கும் அது தெரியாததல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் 1950களிலிருந்து பந்தயம் நடந்தது. 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடமே வந்தது. சோழவரத்தில் சீமை வண்டி கொண்டுவந்த ராஜா வீட்டுப் பிள்ளைகளோடு, கொல்லைப்புறத்தில் ஃபியட் எஞ்சினைக் குடைந்து பெரிதாக்கிக்கொண்டு வந்தவர்களும் ஓட்டினார்கள். அங்கே வேலி இருந்தது, உள்ளே சுதந்திரம் இருந்தது. சாரத்துப் பையனுக்கு இருங்காட்டுக்கோட்டை வெகு தூரம். கட்டணமும் வெகு தூரம்.

இதே ஊரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. புதுச்சேரியில் வாகன வரி குறைவு. அதனால் இந்த ஊர் மண்ணை மிதிக்காதவர்கள் இங்கே குடியிருப்பதாக முகவரி காட்டி, பி.ஒய். எண் வாங்கிக் கோடி ரூபாய் வண்டிகளை வேறு ஊரில் ஓட்டினார்கள். 2017ல் கேரளத்தில் சினிமாக்காரர்கள் பேரிலெல்லாம் வழக்கு வந்து சிரிப்பாய்ச் சிரித்தது. வண்டியில் ஒரு திருகாணியைக்கூட அவர்கள் மாற்றவில்லை. உரிமையாளரின் விலாசத்தை மட்டும் மாற்றினார்கள். இந்தத் திருத்தத்துக்கு ஸ்பானர் வேண்டியதில்லை.

பழைய வண்டிகளிடம் சர்க்காருக்குப் பிரியமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2021 ஜூலையில் புது விதி வந்தது. ஐம்பது வயசு தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்துகொள்ளலாம், வி.ஏ. என்று தனி எழுத்தோடு எண் கிடைக்கும். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம், தினசரி ஓட்டக்கூடாது. ஒரு நிபந்தனை: சட்டம், உடம்பு, எஞ்சின் எதிலும் பெரிய மாறுதல் செய்யாமல் பிறந்தபடி இருக்க வேண்டும். கோயமுத்தூரில் 2015ல் ஜி. டி. நாயுடு பேரில் ஏற்பட்ட கார் மியூஸியத்தை நினைத்துக்கொண்டேன். எவ்வளவு அழகான வண்டிகள், எவ்வளவு சுத்தம்! ஆனால் அந்த நாயுடு யார்? ஹோட்டலில் வேலை செய்து சேர்த்த காசில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டுப் படித்தவர். எதையும் பிறந்தபடி விட்டுவைக்கிற சுபாவம் அவருக்கு இருந்ததில்லை.

நான் முன்னே சொன்ன அந்தப் பச்சை மஸ்டாங்கின் அடியில், படம் எடுத்தபோது காமிராவைப் பொருத்துவதற்காகப் பற்றவைத்த இரும்புத் துண்டுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஏலத்தில் அது அந்த விலைக்குப் போனதற்கு அவையும் ஒரு காரணம்; இதுதான் அந்த வண்டி என்பதற்கு அவைதானே சாட்சி. அதை யாராவது கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து வி.ஏ. எண்ணுக்கு மனுப் போட்டால், பரிசோதிக்கிற அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, அந்தத் துண்டுகளை அறுத்துவிட்டு அடுத்த வாரம் கொண்டுவாருங்கள் என்று சொன்னாலும் சொல்வார்.